பழைய சைக்கிளில் அகலமான, துவளும் டயர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1970-களிலோ 80-களிலோ ஜப்பானிலோ பிரான்ஸிலோ இங்கிலாந்திலோ செய்த ஸ்டீல் சைக்கிள். வளைந்த ஹேண்டில்பார், மெலிந்த குழாய்கள், பத்து அல்லது பன்னிரண்டு கியர். ஓட்ட அருமையாக இருக்கும், ஆனால் ரோடு கொஞ்சம் கெட்டால் கை மரத்துப்போகும். அதைக் குறைக்கும் வழிதான் அகலமான, துவளும் டயர். இந்த வகை சைக்கிள் வைத்திருக்கும் நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் ஓட்டுவது 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானில் செய்த ஒரு டூரிங் சைக்கிள். கீழே வரும் தவறுகளில் பாதி அதில் நான் செய்தவை.

துவளும் டயர் என்றால் என்ன?

மடித்து வைத்த டயர் ஒன்றைக் கடையில் பிரித்துக் கையில் தூக்கிப் பாருங்கள். நல்ல துவளும் டயர் ஈரத்துணி மாதிரி தொங்கும். பக்கச்சுவரை இரண்டு விரலால் கிள்ளினால் தடித்த காகிதத்தைக் கிள்ளுவது போல இருக்கும். சாதாரண டயர் கையில் எடுத்தாலும் வட்டமாகவே நிற்கும், அமுக்கினால் எதிர்க்கும். இந்த வித்தியாசம் முழுக்க உள்ளே இருக்கும் நூல் அடுக்கிலும் அதன் மேல் பூசிய ரப்பரின் கனத்திலும் இருக்கிறது. நூல் மெலிதாகவும் நெருக்கமாகவும் இருந்து, ரப்பர் குறைவாகப் பூசியிருந்தால் டயர் துவளும்.

டயர் மேல் எழுதியிருக்கும் டி.பி.ஐ. எண், ஓர் அங்குலத்துக்கு எத்தனை நூல் என்பதைச் சொல்கிறது. 60-ஐ விட 120 மெலிது, சரி. ஆனால் சில கம்பெனிகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் அடுக்குகளை எல்லாம் கூட்டி எண்ணுகிறார்கள். அதனால் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். பஞ்சர் ஆகாமல் இருக்க நடுவில் கனமான பட்டை வைத்த டயர் எத்தனை டி.பி.ஐ. ஆனாலும் துவளாது.

அகலமான டயர் மெதுவாகப் போகாதா?

நானும் பல வருடம் அப்படித்தான் நம்பினேன். டயர் உருளும்போது தரையைத் தொடும் இடம் தட்டையாகிறது, பிறகு பழையபடி வட்டமாகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ரப்பரும் நூலும் மடங்கி நிமிர்வதில் கொஞ்சம் சக்தி சூடாக வீணாகிறது. டயர் துவண்டால் அந்த மடங்கலுக்குச் செலவு குறைவு. இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், கல்லுக் கல்லாக இருக்கும் ரோட்டில் இறுக்கமான டயர் சைக்கிளையும் ஆளையும் சேர்த்தே தூக்கிப் போடுகிறது. அந்தக் குலுக்கலை நம் உடம்பின் தசைகள் வாங்கிக்கொள்கின்றன, அதுவும் காலிலிருந்து போகும் சக்திதான். டயரே மேட்டை விழுங்கிக்கொண்டால் அந்த நஷ்டம் இல்லை.

மெலிந்த டயருக்குக் காற்றைக் கிழிப்பதிலும் எடையிலும் சிறு லாபம் உண்டு. பந்தயம் ஓட்டுகிறவருக்கு அது முக்கியம். மணிக்கு 20, 25 கிலோமீட்டரில் நாள் முழுக்க ஓட்டுகிறவர் அதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: அகலம் இரண்டாவது, துவளல்தான் முதலாவது. 28 மி.மீ. துவளும் டயர் ஓட்டிவிட்டு 35 மி.மீ. கனத்த டயரில் ஏறினால், ஏன் இதை மாட்டினோம் என்று தோன்றும். இடம் குறைந்த பழைய பிரேம் வைத்திருப்பவருக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை. பிரேமில் எவ்வளவு போகுமோ அவ்வளவு போதும், டயர் மட்டும் நல்லதாக இருக்கட்டும்.

இதெல்லாம் புதிதாகக் கிளம்பிய மோகமா?

இல்லை. பிரான்ஸின் செந்தெத்தியேன் நகரில் பால் த விவி என்றொருவர் இருந்தார். 1853-ல் பிறந்து 1930-ல் இறந்தவர், வெலோசியோ என்ற புனைபெயரில் எழுதியவர். நீண்ட தூரம் போகச் சிறிய சக்கரமும் அகலமான டயரும் வேண்டும் என்று தன் பத்திரிகையில் வாதாடிக்கொண்டே இருந்தார். பிறகு பாரிஸை ஒட்டிய லெவல்வா-பெரேயில் ரெனே எர்ஸ், அலெக்ஸ் சாங்ஷே ஆகியோரின் பட்டறைகள் தொலைதூரப் பயணத்துக்கென்றே அகலமான டயர் மாட்டிய சைக்கிள்களைக் கையால் செய்தன. 70-களிலும் 80-களிலும் பந்தய சைக்கிள் மோகம் வந்து எல்லோரும் மெலிந்த டயருக்குப் போனார்கள். பிரேம் செய்கிறவர்களும் சக்கரத்துக்கு இடம் விடாமல் நெருக்கிக் கட்டினார்கள். நம் பிரச்சினை அங்கேதான் ஆரம்பித்தது. 2006-ல் அமெரிக்காவின் சியாட்டிலைச் சேர்ந்த ஜான் ஹைனி, டயர்களை உண்மையான ரோட்டில் உருட்டிப் பார்த்த சோதனை முடிவுகளை வெளியிட்ட பிறகு பேச்சு மறுபடி திரும்பியது. இன்று பந்தயக்காரர்களே 28, 30 மி.மீ. ஓட்டுகிறார்கள்.

என் டயரில் 27 × 1¼ என்று இருக்கிறது. 700சி-யும் அதுவும் ஒன்றுதானே?

இல்லை. டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டத்தை மட்டும் பாருங்கள். 27 அங்குலத்துக்கு அது 630 மி.மீ., இன்றைய ரோடு சைக்கிள்களில் வழக்கமான 700சி-க்கு 622. எட்டு மி.மீ. வித்தியாசம். ஒன்றின் டயர் மற்றதில் நிற்காது. டியூப் மட்டும் இரண்டுக்கும் பொது.

டயரின் பக்கத்தில் பொடியாக 32-630 அல்லது 28-622 என்று இருக்கும். முதல் எண் அகலம், இரண்டாவது ரிம் விட்டம். அங்குலக் கணக்கில் ஏமாறாமல் இருக்க அந்தப் பொடி எழுத்துதான் ஒரே வழி. 26 × 1⅜ என்பது 590. மலை சைக்கிளின் 26 அங்குலம் 559. பெயர் ஒன்று, அளவு வேறு.

நம் ஊரில் பால்காரரும் தபால்காரரும் ஓட்டிய கறுப்பு சைக்கிளின் 28 × 1½ டயர் 635. பிரெஞ்சுக்காரர்கள் இதே அளவை 700பி என்பார்கள். அந்த சைக்கிளில் இடத்துக்குப் பஞ்சமே இல்லை, எனவே இந்தப் பக்கத்தின் கவலை அதற்கு இல்லை. 28 என்று போட்டிருக்கிறதே என்று 700சி டயரை வாங்கி வந்து அதில் மாட்டப் பார்க்காதீர்கள், அவ்வளவுதான்.

என் பிரேமில் எவ்வளவு அகலம் போகும்? எங்கே அளப்பது?

ஆறு இடம் பார்க்க வேண்டும். பின்பக்கம்: பெடல் அச்சிலிருந்து பின் சக்கரத்துக்குப் போகும் இரண்டு கீழ்க் குழாய்களின் நடுவே, அதாவது செயின்ஸ்டே. அவற்றை இணைக்கும் குறுக்குப் பாலம். சீட்டுக்குக் கீழே பின் பிரேக் பூட்டியிருக்கும் பாலம். முன்பக்கம்: முன் சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கின் இரு கால்களுக்கு நடுவே, ஃபோர்க் தலையின் அடிப்பக்கம், பிரேக்கின் அடிப்பக்கம். பிரேம் நன்றாகவே இடம் விட்டிருக்கும், ஆனால் பிரேக் கை தடுத்துவிடும். இதைப் பலர் பார்க்கத் தவறுகிறார்கள்.

பெரும்பாலும் முதலில் கைவிரிப்பது செயின்ஸ்டேதான். அதை அளக்கும்போது எந்த இடத்தில் அளக்கிறோம் என்பது முக்கியம். டயரின் மிக அகலமான பகுதி, அச்சிலிருந்து ரிம் விட்டத்தில் பாதியும் டயர் அகலத்தில் பாதியும் சேர்ந்த தூரத்தில் இருக்கும். 622 ரிம்மில் 28 மி.மீ. டயர் என்றால் 311 கூட்டல் 14, ஆக 325 மி.மீ. பின் அச்சின் நடுவிலிருந்து செயின்ஸ்டே வழியாக டேப்பை வைத்து 325-ல் ஒரு பென்சில் கோடு போட்டு, அந்தக் கோட்டில் இரண்டு குழாய்களின் உட்பக்கத்துக்கு நடுவே வெர்னியரால் அளங்கள். பக்கத்துக்கு 4 மி.மீ. என்று மொத்தம் 8-ஐக் கழித்தால் உங்கள் டயர் அகலம் வந்துவிடும். என் சைக்கிளில் 44 வந்தது. எனவே 36-க்கு மேல் ஆசைப்படக் கூடாது.

மேலே உயரத்தை அளக்க வெர்னியர் நுழையாது. குழந்தைகள் விளையாடும் கலர் களிமண்ணை ஓர் உருண்டை எடுத்து டயர் மேல் ஒட்டி, சக்கரத்தை மெதுவாகச் சுற்றிப் பிரேக்குக்கு அடியில் விடுங்கள். வெளியே வரும்போது களிமண் நசுங்கி, இடைவெளி எவ்வளவோ அவ்வளவு கனத்தில் இருக்கும். பிளேடால் குறுக்கே வெட்டி ஸ்கேல் வைத்தால் மி.மீ. தெரிந்துவிடும். பக்கவாட்டுக்கு ஆலன் கீ போதும்: 4 மி.மீ. கீ டயருக்கும் குழாய்க்கும் நடுவே உரசாமல் போகிறதா, 5 போகிறதா என்று பாருங்கள். வேறு கருவியே வேண்டாம்.

ஒரு பக்கம் இடம் இருக்கிறது, மறுபக்கம் உரசுகிறது. ஏன்?

சக்கரம் நடுவில் இல்லை, அல்லது பிரேம் நேராக இல்லை. சக்கரத்தைக் கழற்றி இடம் வலமாகத் திருப்பி மாட்டுங்கள். செயினைப் பற்றிக் கவலை வேண்டாம், சும்மா பார்ப்பதற்குத்தான். முன்பு உரசிய பக்கமே மறுபடியும் உரசினால் கோளாறு பிரேமில். பக்கம் மாறினால் கோளாறு சக்கரத்தில். சக்கரம் என்றால் ஸ்போக்கை ஒரு பக்கம் இறுக்கி மறுபக்கம் தளர்த்தி நடுவுக்குக் கொண்டுவரலாம், கூடவே கோட்டமும் எடுத்துவிடலாம். இதனால் மட்டுமே 2 மி.மீ. இடம் கிடைத்த சைக்கிள்களைப் பார்த்திருக்கிறேன்.

4 மி.மீ. எதற்கு? 2 போதாதா?

கடையில் நிற்கும்போது 2 போதும். ரோட்டில் போதாது. எழுந்து நின்று மிதித்தால் சக்கரம் பக்கவாட்டில் வளையும். ஒரு ஸ்போக் அறுந்தால் ரிம் 3, 4 மி.மீ. ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும், வீடு வந்து சேர வேண்டாமா? மழையில் சேறும் பொடிக்கல்லும் ஒட்டும். முன் சக்கரத்தில் கல் சிக்கி ஃபோர்க் தலையில் மாட்டினால் சக்கரம் அப்படியே நின்றுவிடும், ஓட்டுகிறவர் ஹேண்டில்பாருக்கு மேலாகப் போவார். முன்பக்கம் நான் மேலே 5 மி.மீ.-க்குக் குறைந்து விடுவதே இல்லை.

32 என்று எழுதிய டயர் 32 மி.மீ. தானா?

அரிதாக. அது மாட்டும் ரிம்மைப் பொறுத்தது. ரிம்மின் உள் அகலம் 2, 2½ மி.மீ. கூடினால் டயர் சுமார் 1 மி.மீ. பருக்கும். பழைய ரிம்கள் குறுகலானவை, அவற்றில் 32 டயர் 30 கூட வராமல் இருக்கும். அதையே நண்பரின் புது ரிம்மில் பார்த்தால் 34. தவிர, துவளும் டயர் காற்றடித்த சில நாட்களில் இன்னும் கொஞ்சம் விரியும். இதில்தான் நான் அடிபட்டேன். மாட்டிய அன்று செயின்ஸ்டேயில் 4 மி.மீ. கீ சுலபமாகப் போனது. இரண்டு வாரம் கழித்து 3 மி.மீ. கீயே தயங்கியது. வாங்கும்போது 1 மி.மீ. விரிவதற்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

27 அங்குலத்திலிருந்து 700சி-க்கு மாறினால் என்ன கிடைக்கும்?

இரண்டு லாபம். ரிம் ஆரத்தில் 4 மி.மீ. சிறியது, எனவே மேலே பாலத்துக்கும் பிரேக்குக்கும் அடியில் அத்தனை இடம் கிடைக்கும். அதைவிடப் பெரியது, டயர் தேர்வு. 27 அங்குலத்தில் துவளும் டயர் மிகக் குறைவு, ஏறக்குறைய ஜப்பானின் பானரேசர் கம்பெனி செய்யும் பசேலா ஒன்றோடு நின்றுவிடும். 700சி-யில் கடல் போல இருக்கிறது.

பிரேக் கட்டை 4 மி.மீ. கீழே இறங்க வேண்டும். பெரும்பாலான பழைய டூரிங் சைக்கிள்களில் பிரேக் கையின் நீள்துளையில் அந்த இடம் இருக்கும். இன்னொன்று, 27 அங்குல ஸ்டீல் ரிம் வைத்திருந்தால் இந்தச் சாக்கிலாவது மாற்றிவிடுங்கள். குரோம் பூசிய ஸ்டீல் மழையில் பிரேக் பிடிக்காது, அலுமினியம் பிடிக்கும். பல பழைய ரிம்களின் உள் விளிம்பில் டயரைப் பிடித்துக்கொள்ளும் கொக்கியும் இருக்காது. அதில் மடிக்கும் டயரை மாட்டி அதிகக் காற்று அடித்தால் டயர் ரிம்மை விட்டு வெடித்து வெளியேறும்.

புது சக்கரம் வாங்கும்போது, பிரேமில் பின் அச்சு உட்காரும் இரண்டு முனைகளுக்கு நடுவே உள்ள அகலத்தைப் பாருங்கள். ஐந்து பல்சக்கரக் காலத்துப் பிரேம் 120 மி.மீ., ஆறு ஏழு காலத்தது 126, பிறகு வந்த, ரிம் பிரேக்குக்கான ரோடு ஹப் (சக்கரத்தின் நடுத்துண்டு) 130. ஸ்டீல் பிரேமை 126-லிருந்து 130-க்கு நிதானமாக விரிக்கலாம். இரண்டு பக்கமும் சமமாக விரிந்ததா என்று நூல் கட்டிப் பார்க்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

650பி மாற்றம் என்கிறார்களே, அது என்ன?

இந்தப் பக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான். சக்கரத்தைச் சிறிதாக்கி, டயரைப் பருமனாக்கி, மொத்த உயரத்தை அப்படியே வைத்துக்கொள்வது.

பிரெஞ்சு முறையில் 650 என்பது காற்றடித்த டயரின் வெளிவிட்டம். எழுத்து டயரின் பருமனைக் குறித்தது: ஏ மெலிது, பி நடுத்தரம், சி பருமன். வெளிவிட்டம் மாறக் கூடாது என்பதால் டயர் பருக்கப் பருக்க ரிம் சிறுத்தது. 650ஏ 590, 650பி 584, 650சி 571. இன்றைக்கு மலை சைக்கிளில் 27.5 அங்குலம் என்று விற்பதும் இதே 584-தான்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 700சி ரிம்மின் ஆரம் 311. அதில் 23 மி.மீ. டயர் போட்டால் 334. 650பி ரிம்மின் ஆரம் 292. அதில் 42 மி.மீ. டயர் போட்டாலும் 334. சைக்கிளின் உயரம், பெடல் தரையிலிருந்து இருக்கும் தூரம், கியர் கணக்கு எதுவும் மாறாமல் டயர் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு அகலம். 38 போட்டால் 330, பெடல் 4 மி.மீ. இறங்கும், பெரிய விஷயமில்லை.

செயின்ஸ்டேயில் எப்படி நுழையும் என்று கேட்பீர்கள். சக்கரம் சிறியதால் டயரின் பருத்த பகுதி அச்சுக்கு அருகே நகர்ந்துவிடுகிறது. 700சி-யில் 28 டயருக்கு 325-ல் இருந்தது, 650பி-யில் 38 டயருக்கு 292 கூட்டல் 19, ஆக 311-ல் வரும். பதினான்கு மி.மீ. பின்னால். அங்கே குழாய்கள் இன்னும் விரிந்திருக்கும். அதனால் 30-க்கு மேல் போகாத பிரேமில் 36, 38 நுழைந்துவிடுவது உண்டு. எல்லாப் பிரேமிலும் அல்ல. சில பிரேம்களில் 700சி டயர் வரும் இடத்தில் குழாயை உட்பக்கம் குழித்திருப்பார்கள். சக்கரம் சிறுத்தால் டயர் அந்தக் குழியைத் தாண்டி, குழாய் முழுப் பருமனோடு இருக்கும் இடத்துக்கு வந்துவிடும், லாபம் போய்விடும். எனவே பணம் கட்டும் முன் 311-லும் ஒரு பென்சில் கோடு போட்டு அளந்துவிடுங்கள். நண்பர் யாரிடமாவது 27.5 சக்கரம் இருந்தால் இரவல் வாங்கிச் சும்மா நிறுத்திப் பார்ப்பது இன்னும் நல்லது.

ரிம் வாங்கும்போது ஓர் எச்சரிக்கை. 27.5 ரிம் எங்கும் கிடைக்கிறது, ஆனால் பெரும்பாலானவை டிஸ்க் பிரேக்குக்கானவை. பக்கத்தில் பிரேக் கட்டை உரசும் தட்டையான பகுதி இருக்காது. அது இருக்கும் ரிம்தான் நமக்கு வேண்டும்.

அதற்குப் பிரேக் எட்டுமா?

இதில்தான் பாதிப் பேரின் திட்டம் நின்றுபோகும். பிரேக் பூட்டும் போல்ட்டின் நடுவிலிருந்து பிரேக் கட்டையின் நடு வரைக்கும் உள்ள தூரத்தை ரீச் என்பார்கள். பந்தய சைக்கிள் பிரேக் 39 முதல் 49 மி.மீ. வரை எட்டும். நடுத்தரம் 47 முதல் 57. நீளமானது, டெக்ட்ரோ ஆர்559 மாதிரி, 55 முதல் 73.

700சி-யிலிருந்து 650பி-க்குப் போனால் ரிம் 19 மி.மீ. கீழே இறங்கும். இப்போது உங்கள் ரீச் 45 என்றால் 64 வேண்டும், நீளமான பிரேக் எட்டிவிடும். 27 அங்குலத்திலிருந்து நேராக 650பி-க்கு என்றால் 23 மி.மீ. இறங்கும். இப்போது 52-ல் இருந்தால் 75, அதற்கு 73 எட்டாது. இப்படிப்பட்ட சைக்கிளுக்கு 700சி-யோடு நிறுத்திக்கொள்வதே உத்தமம். என் சைக்கிளிலும் அதுதான் நடந்தது.

பழைய பிரேமில் பிரேக் பூட்ட 6 மி.மீ. துளையும் வெளியே தெரியும் நட்டும் இருக்கும். புதிய பிரேக்குகளில் நட் உள்ளே புதைந்து 8 மி.மீ. துளை கேட்கும். நீளமான பிரேக்குகள் சில பழைய நட் வகையிலேயே கிடைக்கின்றன, அதைக் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால், முன் பிரேக்குக்கான நீள போல்ட் உள்ள பிரேக்கைப் பின்பக்கம் சாதாரண நட் போட்டுப் பூட்டலாம். முன்பக்கம் ஃபோர்க் தலையின் பின்பக்கத் துளையை மட்டும் 8 மி.மீ. ஆக்கினால் போதும், முன்பக்கத் துளையைத் தொட வேண்டாம்.

பிரேக் கை நீண்டால் பிடி கொஞ்சம் மெதுவாகும். நல்ல பிரேக் கட்டையும் புது கேபிளும் போட்டால் அதைப் பெரும்பாலும் ஈடுகட்டிவிடலாம்.

செயின்ஸ்டேயைக் கொஞ்சம் நசுக்கி இடம் பண்ணலாமா?

பிரேம் செய்கிறவர்கள் செய்வதுதான். உருண்டையான கட்டையை வைத்து வைஸில் மெதுவாக அமுக்கிக் குழி போடுவார்கள். ஸ்டீலில் மட்டும். அலுமினியத்திலும் கார்பனிலும் நினைத்தே பார்க்கக் கூடாது. ஸ்டீலிலும் எனக்கு இதில் மனம் இல்லை. நாற்பது வருடம் தாங்கிய குழாயில் 2 மி.மீ.-க்காக ஒரு குழி. பெயிண்ட் உடையும், அங்கே துரு பிடிக்கும். மெலிந்த, விலை உயர்ந்த குழாய் என்றால் விரிசல் விடவும் வாய்ப்பு உண்டு. 2 மி.மீ. மெலிந்த டயர் போட்டுக்கொண்டு பிரேமை அப்படியே விட்டுவிடலாம். பாலத்தை ராவிக் குறைக்கும் ஆட்களும் இருக்கிறார்கள். வேண்டாம்.

வெட்டாமல் நசுக்காமல் ஒரு வழி உண்டு. பழைய சைக்கிளில் பின் அச்சு உட்காரும் இடம் நீளமான பள்ளமாக இருக்கும். அச்சைப் பின்னுக்குத் தள்ளினால் சக்கரம் சீட் குழாயையும் கீழ்ப் பாலத்தையும் விட்டு விலகும், செயின்ஸ்டேயிலும் அகலமான இடத்துக்கு வரும். தள்ளிய பிறகு பிரேக் கட்டையை மறுபடி ரிம்முக்கு நேராகச் சரிசெய்ய மறக்க வேண்டாம்.

மட்கார்டு?

வேண்டுமென்றால் டயர் அகலத்தில் 4, 5 மி.மீ.-யும் மேலே குறைந்தது 10 மி.மீ. இடமும் விட்டுக்கொடுக்க வேண்டும். இரண்டும் வேண்டும் என்றால் டயரைக் குறையுங்கள், மட்கார்டை டயரோடு ஒட்டி வைக்காதீர்கள்.

எவ்வளவு காற்று அடிப்பது?

பழைய பழக்கத்தில் 90, 100 பி.எஸ்.ஐ. அடித்துவிட்டு "ஒன்றும் வித்தியாசம் தெரியவில்லையே" என்பவர்கள் நிறையப் பேர். காசைப் போட்டு நல்ல டயர் வாங்கி அதைக் கல்லாக்கிவிட்டால் எப்படித் தெரியும்?

அமெரிக்கரான ஃபிராங்க் பெர்டோ சொன்ன ஒரு கணக்கு எனக்கு உதவியது. ஆள் ஏறி உட்கார்ந்தால் டயர் தன் உயரத்தில் 15 சதவீதம் அமுங்க வேண்டும். 32 மி.மீ. டயர் என்றால் சுமார் 5 மி.மீ. சைக்கிளைச் சுவரில் சாய்த்து, ஆள் இல்லாமல் ரிம்முக்கும் தரைக்கும் உள்ள தூரத்தை அளங்கள். பிறகு ஏறி உட்கார்ந்து, இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள்.

நானும் சைக்கிளும் பையும் சேர்ந்து 85 கிலோ இருப்போம். 32 மி.மீ. டயரில் முன்னால் 45, பின்னால் 55 பி.எஸ்.ஐ. அடிக்கிறேன். 650பி 42 ஓட்டும் நண்பர் என் எடைதான், அவர் முன்னால் 30, பின்னால் 38. வளைவில் டயர் பக்கவாட்டில் வழுக்குவது போல் இருந்தாலோ குழியில் ரிம் தட்டினாலோ 5 கூட்டுங்கள். பம்பில் நல்ல கேஜ் இல்லையென்றால் முதலில் அதை வாங்குங்கள். கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பது கனத்த டயருக்குப் பழகிய கணக்கு, துவளும் டயரில் அது பொய் சொல்லும்.

துவளும் டயர் பஞ்சர் ஆகிக்கொண்டே இருக்காதா?

நினைப்பதை விடக் குறைவு. காற்றுக் குறைவாக இருக்கும் டயர் கண்ணாடித் துண்டின் மேல் வளைந்து போய்விடும், இறுகிய டயரில்தான் அது உள்ளே ஏறும். ஆனால் முள் வேறு. கருவேல முள் சிதறிக் கிடக்கும் ஊர்ப் பாதையில் தினமும் போகிறவருக்கு இந்த டயரை நான் சொல்ல மாட்டேன். அப்படிப்பட்டவர் கொஞ்சம் கனத்த டயரையே போட்டுக்கொள்ளட்டும். பக்கச்சுவர் மெலிந்திருப்பதால் கூரான கல் கிழிக்கவும் கூடும். பழைய டயரிலிருந்து விரல் நீளத்துக்கு வெட்டிய ஒரு துண்டு என் சீட் பையில் எப்போதும் இருக்கும். கிழிந்தால் உள்ளே வைத்துக் காற்றடித்து வீடு வரலாம்.

டியூப் இல்லாமல் ஓட்டும் முறைக்குப் பழைய ரிம்கள் பொருந்தாது. டியூப் போட்டே ஓட்டுங்கள்.

சக்கரத்தைக் கழற்றவே முடியவில்லை, டயர் பிரேக்கில் மாட்டுகிறது.

பிரேக் கட்டைகள் திறப்பது ரிம் அகலத்துக்குத்தான், டயர் அதைவிடப் பருமன். பிரேக்கைத் தளர்த்தும் சிறு நெம்பு பிரேக்கிலோ ஹேண்டில்பார் லீவரிலோ இருக்கும், முதலில் அதைத் திறங்கள். அப்போதும் மாட்டினால் காற்றை இறக்குங்கள். பின் சக்கரம் முன்பக்கமாக வெளியே வரும் வகைப் பள்ளம் என்றால் டயர் சீட் குழாயில் முட்டும், அங்கும் காற்றை இறக்குவதுதான் வழி. மாட்டிய பிறகு அடித்துக்கொள்ளலாம். ரோட்டோரத்தில் பஞ்சர் ஆனால் காற்று எப்படியும் இறங்கியிருக்கும். மாட்டும்போதுதான் ஞாபகம் வேண்டும்: சக்கரத்தைப் பிரேமில் பூட்டிவிட்டு அப்புறம் காற்று.

எந்த டயர் வாங்கலாம்?

குறைந்த செலவில் தொடங்க பானரேசர் பசேலா. முழுக்கத் துவளும் என்று சொல்ல முடியாது, ஆனால் விலைக்கு நியாயமான டயர், 700சி-யில் 28, 32, 35 வரும். அடுத்த படி அதே கம்பெனியின் கிராவல்கிங், பட்டன் இல்லாத வழவழப்பான வகை. மேலே போனால் ரெனே எர்ஸ் பெயரில் வரும் டயர்கள். ஜப்பானில் பானரேசரே செய்து கொடுப்பவை, 700சி-யில் 28, 32, 35, 38, 650பி-யில் 38, 42, 48 கிடைக்கும். விலை கையைக் கடிக்கும். முதலில் முன்பக்கம் ஒன்று மட்டும் வாங்கிப் போடுங்கள். கைக்கு வரும் அதிர்வு முன் சக்கரத்திலிருந்துதான் வருகிறது. முன்பக்கம் இடமும் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். முன்னால் 32, பின்னால் 28 என்று ஓட்டுவதில் ஒரு தப்பும் இல்லை.

மாட்டியாயிற்று. முதல் நாள் என்ன பார்க்க வேண்டும்?

செயின்ஸ்டேயின் உட்பக்கமும் ஃபோர்க் கால்களின் உட்பக்கமும் வெள்ளைக் காகித டேப் ஒரு துண்டு ஒட்டிவிட்டு 30 கிலோமீட்டர் ஓட்டுங்கள். நடுவில் ஒரு மேட்டில் எழுந்து நின்று நன்றாக மிதியுங்கள். வீட்டுக்கு வந்து டேப்பைப் பாருங்கள். வெள்ளையாகவே இருந்தால் சரி. கறுப்புக் கீற்று விழுந்திருந்தால் டயர் தொடுகிறது, சக்கரத்தை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும் அல்லது டயரை மாற்ற வேண்டும். இரண்டு வாரம் கழித்து, டயர் விரிந்த பிறகு, மறுபடி ஒரு முறை ஒட்டிப் பாருங்கள். நான் அதைச் செய்யவில்லை. என் சைக்கிளின் வலது செயின்ஸ்டேயின் உட்பக்கம் நகம் அளவுக்குப் பெயிண்ட் போய் ஸ்டீல் மின்னுகிறது.